என் ஞாயிற்றுக்கிழமை வாசகிகள்

காதல் நாவல்களில் இரண்டு வகை உண்டு. கல்யாணத்தில் முடிகிறவை ஒன்று, கல்யாணத்தில் தொடங்குகிறவை இன்னொன்று. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் வகையைக் கொடுத்தால் மூன்றே நாளில் வாசித்துவிட்டு அடுத்ததற்கு வந்து நிற்கும். புருஷனோடு பேச்சுவார்த்தை குறைந்துபோன பெண்ணுக்கு இரண்டாம் வகையைத்தான் கொடுக்க வேண்டும். அவள் மெதுவாக வாசிப்பாள், ஆனால் பாதியில் விடமாட்டாள். நிச்சயதார்த்தம் முடிந்த பிள்ளைக்கு நாயகி மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லும் கதையைக் கொடுக்கக் கூடாது. சோகமான நாவல் இரண்டை அடுத்தடுத்துக் கொடுக்கவே கூடாது. இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் ஒருவருக்குப் புத்தகம் சிபாரிசு செய்வது என்பது அந்தச் சின்ன விஷயங்களைக் கவனிப்பதுதான்.

முத்துலிங்கம் சார், நீங்கள் கேட்டது இதையல்ல என்று எனக்குத் தெரியும். நடந்ததைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள், நான் சிங்களத்தில் பெயர்த்துப் பதிந்துகொள்கிறேன் என்று சொல்லிப் பேனையும் தாளும் தந்தீர்கள். எனக்குச் சிங்களம் நன்றாகவே எழுத வரும். இருந்தாலும் தமிழில் எழுதுகிறேன். அவசரப்படாமல் எழுத விட்டதற்கு நன்றி.

என் பெயர் மெரினா. வயது நாற்பத்தேழு. பொகவந்தலாவை பஜாரில் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி எடுத்துக் கொடுப்பது, படிவம் நிரப்புவது, சிங்களத்தில் கடிதம் எழுதுவது, வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வது, இவைதான் தொழில். என் அப்பா தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர். அவர் இறந்தபோது மூன்று அலுமாரி நிறையப் புத்தகங்களை விட்டுப்போனார். எல்லாம் கனமான புத்தகங்கள். கடையின் பின்னறையில் அவற்றை அடுக்கிவைத்து இரவல் தருவதாகப் பலகை போட்டேன். ஒரு வருஷம் யாரும் வரவில்லை. பிறகு நான் காதல் நாவல்களும், பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளைப் பற்றிய இளையோர் நாவல்களும் வாங்கிச் சேர்த்தேன். அதன்பிறகுதான் பிள்ளைகள் வந்தார்கள்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குக் கூடுவோம். ஏழு பேர், சில வாரம் பத்துப் பேர். எல்லாம் பெண் பிள்ளைகள். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பிளேன்டீ குடிப்போம். ஒவ்வொருத்தியும் அந்த வாரம் வாசித்ததைப் பற்றிப் பேச வேண்டும். முடிவைச் சொல்லக் கூடாது. கடைசியில், இந்தப் புத்தகம் இங்கே இருப்பவர்களில் யாருக்குப் பிடிக்கும் என்று அந்த ஆளைப் பார்த்துச் சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும். இந்த விதி நான் வைத்ததுதான். வேறெங்கும் அப்படிச் செய்கிறார்களா என்று தெரியாது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "இது ஒனக்குத்தான்" என்று சொல்லும்போது அந்த அறையில் உண்டாகும் அமைதியை நீங்கள் ஒருமுறையாவது வந்து பார்த்திருக்க வேண்டும்.

கடிதங்கள் என் கடைக்கு வந்த காரணத்தைச் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் வீட்டுக்கு நம்பர் கிடையாது. இருநூறு குடும்பத்துக்கும் ஒரே விலாசம், தோட்டத்து ஆபீஸ். அங்கே வரும் கடிதம் மேசையில் கிடக்கும். யாராவது ஞாபகம் வைத்துக் கொடுத்தால் உண்டு. பரீட்சை முடிந்தபின் வந்த கடிதங்களையும் வேலை போனபின் கையில் கிடைத்த கடிதங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதனால் என் விலாசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று வாசகிகளிடம் சொன்னேன். ஒன்பது வருஷமாக இது நடக்கிறது. தபால்காரர் ரோலண்ட் தினமும் பதினொரு மணிவாக்கில் படியேறி வந்து என்னிடம் கொடுப்பார். நூற்றுக்கணக்கான கடிதங்களை நான் பத்திரமாகக் கொண்டுசேர்த்திருக்கிறேன். இதையும் பதிந்துகொள்ளுங்கள்.

பிரியந்தி முதலில் வந்தது பதினாறு வயதில், பள்ளிச் சீருடையோடு. பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்க வந்தாள். மெஷின் சூடாகும் நேரத்தில் மேசையில் கிடந்த நாவலை எடுத்து நின்றபடியே வாசித்தாள். கொப்பி எடுத்து முடித்தும் அவள் தலையை நிமிர்த்தவில்லை. கொண்டுபோய் வாசி என்றேன். இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"அக்கா, இந்த ஹீரோ இம்புட்டுத் திமிரா பேசுறானே, அவன போயி இவளுக்கு எப்புடிப் புடிக்குது?"

"ஒனக்குப் புடிக்கலயா?"

"எனக்கும் புடிக்குதுக்கா. அதுதான் ஏன்னு கேக்குறேன்."

நான் இருபது வருஷமாகக் காதல் நாவல் வாசிப்பவள். அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்று அவளுக்கு நான்கு புத்தகம் கொடுத்தேன்.

அவளுடைய அம்மா பேச்சியம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா இல்லை. ஒரே பிள்ளை. உயர்தரத்தில் உயிரியல் படித்தாள். அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்தே சித்தியடைந்தாள். ஆனால் நான் சொல்ல விரும்புவது வேறு. சிபாரிசு செய்வதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். சுலக்ஷனா என்று ஒரு பிள்ளை எங்கள் கூட்டத்துக்கு வருவாள். தகப்பன் இறந்து மூன்று மாதம் யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். தகப்பனை இழந்த பெண்ணைப் பற்றிய நாவல் ஒன்றை அவளுக்காக நான் எடுத்துவைத்திருந்தேன். பிரியந்தி அதைப் பார்த்துவிட்டு, "வேணாங்கா" என்றாள். ஆட்டோ ஓட்டப் பழகும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஊரையே கலங்கடிக்கும் கதையைக் கொண்டுபோய்ச் சுலக்ஷனாவின் மடியில் வைத்தாள். அடுத்த ஞாயிறு சுலக்ஷனா அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் பாதியில் நிறுத்தினாள். என்னுடைய தெரிவு பிழை. பிரியந்தியின் தெரிவு சரி. நான் பொறாமைப்பட்டேன் என்று நீங்கள் எழுத நினைத்தால் எழுதலாம். நான் பட்டது பொறாமை இல்லை, நிம்மதி. இனி இந்த அறையில் நான் மட்டும் இல்லை என்று நினைத்தேன்.

ஏனென்றால் நல்ல வாசகிகள் எல்லாரும் போய்விடுகிறார்கள், சார். ஜீவராணி என்று ஒருத்தி நாலு வருஷம் தவறாமல் வந்தாள். கொழும்பில் கடை வேலை கிடைத்துப் போனாள். "அங்கன போயும் வாசிப்பேன்க்கா, வாசிச்சிட்டு மெசேஜ் போடுவேன்" என்றாள். ஒரேயொரு முறை ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பினாள். அதோடு சரி. எனக்கு அவள்மேல் வருத்தம் கிடையாது. ஹொஸ்டலில் பத்துப் பேர் ஓர் அறையில் படுத்துக்கொண்டு எப்படி வாசிப்பது? போகிற பிள்ளைகள் வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பிரியந்தி தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். படிவத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் என் கடைக்குத்தான் வந்தது. அன்றைக்கே லயத்துக்கு ஆள் அனுப்பிக் கொடுத்தேன். என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்வது என்று சிங்களத்தில் பழக்கியும் அனுப்பினேன். ஒருவர் கெட்ட எண்ணம் உள்ளவராக இருந்தால் இதெல்லாம் செய்வாரா என்று யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால், அவளைத் தெரிவுசெய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

போன ஜூலை ஒன்பதாம் திகதி பதிவுத் தபால் வந்தது. ரோலண்டின் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்தேன். பிரித்தது தவறு என்று நான் நினைக்கவில்லை. அவளுக்கு வரும் சிங்களக் கடிதங்களை வாசித்துச் சொல்வது எப்போதும் நான்தான். அவள் தெரிவாகியிருந்தாள். ஆகஸ்ட் நாலாம் திகதி பயிற்சிக்கு வந்து சேர வேண்டும். மூன்று வருஷம் விடுதியில் தங்க வேண்டும். கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியல் இருந்தது. வெள்ளைச் சப்பாத்து, கத்தரிக்கோல், கைக்கடிகாரம், படுக்கை விரிப்பு இரண்டு. இரண்டு முறை வாசித்தேன். கதைப் புத்தகம் வாசிக்கிற ஆளுக்கு அந்தப் பட்டியலில் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் கொடுக்கலாம் என்று மேசை லாச்சியில் வைத்தேன். அந்த ஞாயிறு அவள் மிகவும் நன்றாகப் பேசினாள். பெயர் தெரியாமலே ரயிலில் பழகும் இரண்டு பேரைப் பற்றிய நாவல். பட்டிப்பொலை ஸ்டேஷனில் நிற்கும்போது ரயிலுக்குள் பனிமூட்டம் புகுந்துவிடும் அல்லவா, அந்த நாவலிலும் அப்படியொரு இடம் வரும். அதை அவள் சொன்ன விதத்தில் எல்லாரும் தோளைச் சால்வையால் மூடிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் கடிதத்தைக் கொடுத்திருந்தால் அந்தப் பின்னேரம் கெட்டிருக்கும். அடுத்த ஞாயிறு கொடுக்கலாம் என்று இருந்தேன், அன்றும் கொடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மழை. அவள் வரவில்லை.

ஆகஸ்ட் முதலாம் திகதி, வெள்ளிக்கிழமை, அவள் நனைந்துகொண்டே படியேறி வந்தாள். நேர்முகப் பரீட்சையில் சந்தித்த ஹட்டன் பிள்ளை ஒருத்திக்குக் கடிதம் வந்துவிட்டதாம்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் வரலயா?"

"வந்தா நான் சொல்லமாட்டனா?"

"சொல்லுவீங்க. எனக்குத்தான் மனசு கெடந்து அடிக்குது. ஒரு கோல் எடுத்துக் கேட்டுப் பாப்பமா? எனக்கு சிங்களத்துல கேக்க வராதுக்கா. நீங்க கேளுங்களேன்."

நான் போனை எடுத்தேன். நம்பர் அழுத்தினேன். காத்திருந்தேன். பிறகு பேசினேன். பெயரைச் சொன்னேன், அடையாள அட்டை இலக்கத்தை அவளிடம் கேட்டு ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். "ஹரி மிஸ், ஹரி" என்று எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். நடுவில் கொஞ்சம் கெஞ்சுவது போலவும் பேசினேன். கடைசியில் நன்றிக்கு ஒரு "ஸ்துதி" சொல்லி வைத்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் விழுந்தது.

"வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்காம்டா. மொத லிஸ்ட்ல எடம் இல்ல. யாராவது வராம விட்டா கூப்புடுவாங்களாம். காயிதம் இங்கதான் வரும்."

"எப்பக்கா வரும்?"

"சொல்ல முடியாதாம். ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்."

அவள் அழவில்லை. தலையாட்டினாள். "நீங்க இல்லாட்டி நான் யார்கிட்டப் போயிக் கேப்பேன்" என்றாள். போனில் யாரும் இருக்கவில்லை, சார். நான் அழுத்தியது என் சொந்த நம்பரை. லாச்சி என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் திறக்க அப்போதும் மூன்று நாள் இருந்தது என்பதை நான் அறிவேன். அதை மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் எனக்குக் காட்டிய படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடிதத்தோடு ஒரு படிவம் இணைக்கப்பட்டிருந்தது. பயிற்சியில் சேர விருப்பமில்லாதவர்கள் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பிரியந்தியின் கையெழுத்து எனக்குப் பழக்கம். மூன்று வருஷமாக இரவல் புத்தகங்களுக்கு அவள் போட்ட கையெழுத்து அது. அவள் நனைந்து வந்த அன்றைக்கே போட்டு அனுப்பினேன். அப்படிச் செய்யாவிட்டால் அந்த இடம் வெறுமையாகக் கிடந்திருக்கும். எங்கோ ஒரு பிள்ளை அதற்காகக் காத்திருந்திருப்பாள். இப்போது அந்தப் பிள்ளை பயிற்சியில் இருக்கிறாள். இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று அன்று எனக்குத் தோன்றியது.

சும்மா வீட்டில் இருக்க முடியாது என்று பிரியந்தி தோட்டத்தில் பெயர் பதிந்தாள். அம்மாவோடு கொழுந்துக்குப் போனாள். "காயிதம் வர்ற வரைக்கும்தானேக்கா" என்றாள். சனிக்கிழமைகளில் வேலை முடிந்து நேரே கடைக்கு வருவாள். விரல்கள் எல்லாம் கறுத்திருக்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவாள். கூட்டத்தை அவளே நடத்தத் தொடங்கினாள். லயத்தில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களைக்கூட அழைத்துவந்தாள். போனில் எங்களுக்கென்று ஒரு குழு வைத்தாள். யார் என்ன வாசிக்கலாம் என்று தினமும் இரண்டு வரி எழுதுவாள். பூண்டுலோயாவிலிருந்துகூடப் பிள்ளைகள் அந்தக் குழுவில் சேர்ந்தார்கள். அந்த ஆறு மாதம்தான் என் வாழ்க்கையில் நல்ல காலம். அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். படியேறி வந்ததும் அவள் முதலில் கேட்பது, "காயிதம் வந்துச்சாக்கா?" என்றுதான். இல்லை என்பேன். ஒரு நிமிஷம் ஜன்னலால் பஜாரைப் பார்ப்பாள். பிறகு புத்தகத்தை எடுப்பாள். அந்த ஒரு நிமிஷம்தான். மற்ற நேரமெல்லாம் சந்தோஷமாகவே இருந்தாள்.

டிசம்பரில் அவளுக்கு ஒரு நாவல் கொடுத்தேன். பழைய பாணிக் காதல் கதை. ஒருவன் எழுதிய கடிதங்களைப் பெண்ணின் அத்தை ஒளித்துவைத்துவிடுவாள். இரண்டு பேரும் ஏழு வருஷம் பிரிந்திருந்து கடைசியில் சேர்வார்கள். ஏன் அதைக் கொடுத்தேன் என்று கேட்டீர்கள். அவள் என்ன சொல்வாள் என்று அறிய விரும்பினேன். ஒரு சிபாரிசு சரியா என்று பார்ப்பது போலத்தான்.

அந்த ஞாயிறு சுலக்ஷனா, "அந்த அத்தை பாவம், அவங்களும் அந்தப் புள்ள மேல பாசம் வச்சுத்தானே செஞ்சாங்க" என்றாள்.

பிரியந்தி மறுத்துத் தலையாட்டினாள். "பாசம்லாம் இல்ல. பாசம் இருந்தா அவ அழுவுறத ஏழு வருசம் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? அந்தம்மாவுக்குத் தனியா இருக்கப் பயம். அதுக்கு ஒரு ஆளு வேணும், அது எந்த ஆளா இருந்தாலும் சரி."

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் சொன்னது பிழை. அந்த நாவலில் அத்தைக்கு அந்தப் பெண்தான் வேண்டும், வேறு யாரும் இல்லை. பத்தொன்பது வயதில் எல்லாவற்றையும் சரியாக வாசித்துவிட முடியாது. நான் திருத்தவில்லை. பிளேன்டீ ஊற்றப் போனேன்.

பெப்ரவரி பதினொன்று, புதன்கிழமை. காலை பத்து மணியிருக்கும். நாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மேல் மரத்திலிருந்த குளவிக் கூடு கலைந்தது. வறட்சியான மாதங்களில் இது நடப்பதுதான், உங்களுக்கும் தெரியும். ஆறு பேருக்குக் கொட்டியது. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பஜாரில் சத்தம் கேட்டு நான் ஜன்னலால் பார்த்தேன். லொறியின் பின்பக்கம் பேச்சியம்மா யாரையோ மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் முகத்தை மூடிப் பிடித்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டிருந்தது. முகம் வீங்கிப் பிரியந்தி வேறு யாரோ போல இருந்தாள். வலது கையின் நடுவிரலில் பேனை பிடித்துத் தடித்த இடம் அப்படியே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறு பேரில் ஐந்து பேர் பிழைத்தார்கள். சிலருடைய உடம்பு அந்த விஷத்தைத் தாங்காது என்று டொக்டர் சொன்னார். ஆகவே இது அவளுடைய உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். அதே மலையில் இருபது வருஷமாகக் கொழுந்து எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நான் யாரையும் அந்த மரத்துக்குக் கீழே அனுப்பவில்லை.

கருமாதியன்று ரோலண்டும் வந்திருந்தார். நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. பேச்சியம்மாவிடம், "நர்ஸ் வேலைக்கு ரெஜிஸ்டர் தபால் வந்துச்சே, அப்பறம் ஏன்மா புள்ள மலைக்குப் போச்சு?" என்று கேட்டிருக்கிறார். நான் அப்போது வெளியே பாத்திரம் கழுவும் பெண்களோடு நின்றேன். உள்ளே பேச்சு நின்றுபோனதைக் கவனித்தேன்.

மறுநாள் பேச்சியம்மா கடைக்கு வந்தார். அவர் அந்தப் படியேறியது அதுவே முதல் தடவை. பிரியந்தி இரவல் எடுத்திருந்த நாலு புத்தகங்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மிஸ், எனக்கு எழுத்துத் தெரியாது. அதுனால ஒங்ககிட்டயே கேக்குறேன். அவ பேருக்குக் காயிதம் வந்துச்சா?"

"இல்லயே."

"தபால்காரரு வந்துச்சுங்குறாரு. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களாம்."

"அது வேற யாருக்காச்சும் வந்ததா இருக்கும். அவருக்கு வயசாச்சு."

பேச்சியம்மா என்னை நீண்ட நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளை சொல்வது புரியாதபோது பார்ப்பார்களே, அப்படி.

"அன்னிக்குக் காலைல பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்பகூடச் சொன்னா. 'அம்மா, இன்னிக்குக் காயிதம் வந்தா அக்கா மலைக்கே ஆளனுப்புவாங்க, நான் கூடைய அப்புடியே போட்டுட்டு ஓடிருவேன், நீங்க எடுத்துட்டு வந்துருங்க'ன்னு. தெனமும் அதச் சொல்லித்தான் மிஸ் மலையேறுவா. நான் சிரிப்பேன்."

அவர் புத்தகங்களைச் சுற்றியிருந்த துணியை மட்டும் உதறி மடித்து எடுத்துக்கொண்டார். படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்தார் என்று பிறகு அறிந்தேன். எழுத்துத் தெரியாத ஒருவர் தனியாகப் பொலிஸுக்கு வந்து முறைப்பாடு கொடுத்ததை நான் மதிக்கிறேன். நான் கொடுத்த பதில் பொய். அதை இங்கே திருத்திக்கொள்கிறேன். கடிதம் வந்தது. நான் வாங்கினேன், நான் வாசித்தேன், நான் வைத்துக்கொண்டேன். போனில் பேசியது நடிப்பு. படிவத்தில் உள்ள கையெழுத்து என்னுடையது. இவற்றில் எதையும் யாரும் சொல்லி நான் செய்யவில்லை.

ஏன் என்று மூன்று தடவை கேட்டீர்கள். நான் அவளை நேசித்தேன் என்று எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளையின் மனதுக்கு என்ன பொருந்தும் என்று கண்டுபிடிப்பதுதான் நான் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை. அவளுக்கு விடுதி பொருந்தாது, என் அறைதான் பொருந்தும் என்று எனக்குத் தெரிந்தது. புத்தகத்தில் நான் சில தடவை பிழைவிட்டிருக்கிறேன். சுலக்ஷனா விஷயத்தில் பிழைவிட்டதை ஒப்புக்கொண்டேன். இதில் பிழைவிட்டேனா என்று இன்னும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. குளவி இல்லாதிருந்தால் யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

வேறு கடிதங்கள் இருக்கின்றனவா என்றும் கேட்டீர்கள். இருக்கின்றன. அப்பாவின் அலுமாரியில் கீழ்த்தட்டில், கனமான புத்தகங்களுக்குப் பின்னால் மூன்று உறைகள். இரண்டு பழையவை, திகதி கடந்தவை. அந்தப் பிள்ளைகள் இருவரும் இப்போது கல்யாணம் செய்து தோட்டத்திலேயே இருக்கிறார்கள், இன்னும் வாசிக்கிறார்கள். அவர்களிடம் இப்போது சொல்லி மனதைக் கலைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது சுலக்ஷனாவுக்கு வந்தது. போன வியாழக்கிழமைதான் வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சை, வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. கொடுக்கத்தான் இருந்தேன். பிரியந்தி போனபிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவள் அவள் ஒருத்திதான். போன ஞாயிறும் நாங்கள் இருவர் மட்டும் பாயில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு ஒரு நீளமான காதல் நாவல் கொடுத்திருக்கிறேன். கல்யாணத்தில் தொடங்குகிற வகை. பாதிதான் வாசித்திருக்கிறாள், நடுவில் வேறெதிலும் மனம் போகக் கூடாத இடத்தில் நிற்கிறாள்.

இன்று வெள்ளி. கடிதத்தை நீங்களே அவளிடம் கொடுத்துவிடுங்கள், சார், எனக்கு ஆட்சேபணை இல்லை. புத்தகத்தை மட்டும் வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். என்னை எங்கே வைத்திருந்தாலும் அவளே நேரில் கொண்டுவந்து தரட்டும், அடுத்தது என்ன வாசிக்கலாம் என்று நான் யோசித்துவைத்திருக்கிறேன்.